டொங்கிள் போய்விட்டது, ட்ரைவர் போகவில்லை

விண்டோஸ் 11 இல் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்றொரு பாதுகாப்பு வசதி உண்டு. இயங்குதளத்தின் மையப்பகுதியான கேர்னலுக்குள் நுழைய முயலும் ஒவ்வொரு ட்ரைவரையும் (சாதனங்களை இயக்கும் சிறு நிரலையும்), மெய்நிகராக்கத்தின் துணையோடு தனியாகப் பிரித்து வைத்த ஓரிடத்திலிருந்து சோதித்த பின்னரே அது உள்ளே விடும். நினைவகத்தின் ஒரே பகுதியில் எழுதவும், எழுதியதையே இயக்கவும் முயலும் பழைய ட்ரைவர்கள் இச்சோதனையில் தேறுவதில்லை. அத்தகைய ஒன்று கணினியில் வெறுமனே கிடந்தாலும் அந்த வசதியை இயக்க முடியாமல் போய்விடும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் அக்காவின் மகளுடைய மடிக்கணினியில் இதுதான் நடந்தது. “மாமா, இதை ஓன் பண்ண விடுதில்லை. பழைய டொங்கிளின்ர பேரைத்தான் காட்டுது” என்று சொல்லிக் கணினியைக் கொண்டுவந்து தந்தாள். கொக்குவிலில் அவர்களுடைய ஒழுங்கைக்குப் ஃபைபர் இணைப்பு வருவதற்கு முன்னர், கணினியில் செருகி இணையம் பெறப் பாவித்த யூஎஸ்பி டொங்கிள் அது. பழுதாகி எறிந்து எவ்வளவோ காலமாகிறது. விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடைந்ததால் அக்கணினியை 11 இற்கு மேம்படுத்தியிருந்தார்கள். மேம்படுத்தும்போது பழைய ட்ரைவர்களும் அப்படியே கூட வந்துவிடுகின்றன.

பொருந்தாத ட்ரைவர்களின் பட்டியலில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்றின் கீழ் ‘ஓஈஎம்’ என்று தொடங்கும் இலக்கமிட்ட பெயர் இருந்தது. மற்றதன் கீழ் ‘சிஸ்’ என்று முடியும் கோப்பின் பெயரைத் தவிர எதுவுமில்லை. வேலை முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் தங்கியிருந்தது.

கஸ்தூரியார் வீதியில் கணினி திருத்தும் நண்பர் ஒருவரிடம் விசாரித்தேன். “ஓனர்ஷிப்பை எடுத்துப்போட்டு ஃபோல்டரையே அழிச்சு விடும், வேலை முடிஞ்சுது” என்றார். பலரும் சொல்லும் வழி இதுதான்; எனக்கு இதில் உடன்பாடில்லை. விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறைக்குள், ட்ரைவர் பொதிகளைச் சேர்த்துவைக்கும் ‘ட்ரைவர் ஸ்டோர்’ கோப்புறையில், நிர்வாகி உரிமை உள்ளவருக்கும் பொதுவாக வாசிக்கும் அனுமதி மட்டுமே உண்டு. எழுதவும் அழிக்கவும் இயங்குதளமே உரிமை வைத்திருக்கிறது. அந்த உரிமையைக் கட்டளை மூலம் பறிப்பது பெரிய வித்தையல்ல. ஆனால் ஒரு ட்ரைவர் என்பது அந்தக் கோப்புறை மாத்திரமன்று. அதன் நிறுவல் விபரங்களைக் கொண்ட ‘இன்ஃப்’ கோப்பின் பிரதியொன்று விண்டோஸின் இன்ஃப் கோப்புறையிலும், கையொப்பப் பட்டியல் ‘கட்ரூட்’ கோப்புறையிலும், அதை ஏற்றும் விதத்தைச் சொல்லும் சேவைப் பதிவு, விண்டோஸின் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியிலும் இருக்கும். கோப்புறையை மாத்திரம் கையால் அழித்தால் மற்றவை யாவும் இல்லாத ஒன்றைச் சுட்டிக்கொண்டு நிற்கும். காணியை விற்றபின் உறுதியை மாற்றாமல் வேலியை மட்டும் பிடுங்குவது போன்றதே இது. ஆகவே பதிவை முதலில் நீக்குவது, கோப்பைக் கடைசியில் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

தொடங்குமுன் இரண்டு விடயங்களைப் பார்த்துக்கொண்டேன். அக்கணினியில், முந்தைய நிலைக்குத் திரும்ப உதவும் சிஸ்டம் ரெஸ்டோர் நிறுத்தப்பட்டிருந்தது. அதை இயக்கி ஒரு மீட்புப் புள்ளியை உருவாக்கினேன். வன்தட்டு பிட்லொக்கர் என்ற குறியாக்க வசதியால் பூட்டப்பட்டிருந்தமையால், 48 இலக்க மீட்புச் சாவி மருமகளின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்பதையும் உறுதிசெய்துகொண்டேன். கணினி வழமைபோல எழும்பாமல் அந்தச் சாவியைக் கேட்டு நிற்கும் நேரத்தில் அதைத் தேடத் தொடங்குவது வீண் பதற்றம்.

கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மனேஜரைத் திறந்து, ‘வியூ’ பட்டியலில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டும்படி தெரிவு செய்ததும், எறியப்பட்ட டொங்கிள் மங்கிய சின்னங்களாக அங்குமிங்கும் தலைகாட்டியது. மொடெம்களின் கீழும், போர்ட்களின் கீழும், நெட்வேர்க் அடாப்டர்களின் கீழும் அது இருந்தது. போதாக்குறைக்கு சீடி ட்ரைவ் ஒன்றாகவும் இருந்தது. தன் மென்பொருளைத் தானே நிறுவிக்கொள்வதற்காக இவ்வகை டொங்கிள்கள் முதலில் சீடி ட்ரைவ் போல வேடமிடும். தொடர் இலக்கம் இல்லாத யூஎஸ்பி சாதனமொன்றை வெவ்வேறு துளைகளில் செருகினால், விண்டோஸ் ஒவ்வொரு துளைக்கும் ஒவ்வொரு புதிய பதிவை இடுகிறது. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தமைக்கு அதுவே காரணம். பெயரைப் பார்த்துப் பார்த்து அவற்றை நீக்கினேன். மங்கலாகத் தெரிபவை எல்லாமே வேண்டாதவை அல்ல. எப்போதாவது செருகும் பென் ட்ரைவும் அப்படித்தான் தெரியும்.

அடுத்தது ‘பிஎன்பியூட்டில்’. விண்டோஸோடு கூடவே வரும் இக்கருவியை நிர்வாகி உரிமையுடன் திறந்த கமாண்ட் ப்ரொம்ப்டில் இயக்கி, வெளியிலிருந்து நிறுவப்பட்ட ட்ரைவர் பொதிகள் அனைத்தையும் பட்டியலிடச் செய்து, அந்தப் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்தேன். ஓஈஎம் இலக்கம் கணினிக்குக் கணினி மாறும். வேறொருவர் எழுதிவைத்த இலக்கத்தைப் பார்த்து அழிப்பவர் தன்னுடைய ஒலி அட்டையின் ட்ரைவரைக்கூட அழித்துவிடலாம். எனவே மூலப் பெயர், வெளியீட்டாளர், திகதி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டேன். பிறகு அதே கருவியின் ஏற்றுமதிக் கட்டளையால் அப்பொதியின் பிரதியொன்றைப் பென் ட்ரைவில் எடுத்துவைத்து, நீக்கும் கட்டளையை ‘அன்இன்ஸ்டோல்’ என்ற தெரிவுடன் கொடுத்தேன். வலிந்து நீக்கும் ‘ஃபோர்ஸ்’ தெரிவைச் சேர்க்கவில்லை. ஏதாவதொரு சாதனம் அப்பொதியைப் பாவிப்பதாகச் சொல்லி விண்டோஸ் மறுத்தால், அந்த மறுப்பு எனக்கு வேண்டிய தகவல். அதை வாய்மூடச் செய்வதில் பயனில்லை. மங்கிய சாதனங்களை முன்பே நீக்கியிருந்ததால் மறுப்பு எதுவும் வரவில்லை. எவருக்கும் அசையாத அந்தக் கோப்புறை, உரிமை எதையும் பறிக்காமலே காணாமற்போனது.

இரண்டாவது ட்ரைவர்தான் உண்மையில் நேரத்தைத் தின்றது. பிஎன்பியூட்டில் பட்டியலில் அது இல்லை; ஏனெனில் டொங்கிளின் நிறுவல் நிரல் பொதி எதுவும் இல்லாமல், ஒரு சிஸ் கோப்பை நேரே சிஸ்டம்32 இன் ‘ட்ரைவர்ஸ்’ கோப்புறையில் போட்டுவிட்டு, ஒரு சேவைப் பதிவையும் தானே எழுதியிருந்தது. கோப்பின் பெயரும் சேவையின் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்றில்லை. இவற்றை இணைத்துப் பார்க்க சிஸ்இன்டர்னல்ஸ் தொகுதியிலுள்ள ‘ஓட்டோரன்ஸ்’ கருவியே எனக்கு இலகுவாக இருந்தது. 1996 இல் மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் கொக்ஸ்வெல்லும் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸை 2006 இல் மைக்ரோசொஃப்ட் வாங்கிக்கொண்டது. அதன் கருவிகள் இன்றும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஓட்டோரன்ஸில் ட்ரைவர்களுக்கான பக்கத்தைத் திறந்தால் சேவையின் பெயர், கோப்பின் இடம், வெளியீட்டாளர் யாவும் ஒரே வரியில் வரும்.

அந்த ட்ரைவரை நீக்குமுன், அதன் சேவைப் பெயர் ரெஜிஸ்ட்ரியில் ‘அப்பர் ஃபில்டர்ஸ்’, ‘லோவர் ஃபில்டர்ஸ்’ ஆகிய பதிவுகளில் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். சில ட்ரைவர்கள் விசைப்பலகை, சீடி ட்ரைவ் முதலியவற்றின் பாதையில் வடிகட்டியாகத் தம்மைச் செருகிக்கொள்கின்றன. அப்படியான ஒன்றைப் பதிவு நீக்காமல் அழித்தால், அடுத்த முறை விசைப்பலகையே இயங்காமற்போகலாம். நல்லவேளையாக இங்கே அப்படி எதுவும் இருக்கவில்லை.

பிறகும் உடனே அழிக்கவில்லை. சேவைகளைக் கையாளும் ‘எஸ்சி’ கட்டளையால் அச்சேவையை முடக்கி, கணினியை மீளத் தொடக்கி, வைஃபை, ஒலி, கமரா யாவும் வேலை செய்வதைப் பார்த்தேன். இங்கே ஒரு சிறு பொறி உண்டு: விண்டோஸ் 11 இல் டெர்மினலைத் திறந்தால் வழமையாக வருவது பவர்ஷெல், அதில் ‘எஸ்சி’ என்பது கோப்பில் எழுதும் வேறொரு கட்டளையின் சுருக்கம். கமாண்ட் ப்ரொம்ப்டில்தான் இதைச் செய்யவேண்டும், முடக்கும் கட்டளையில் ‘ஸ்டார்ட்’ என்பதை அடுத்துவரும் சமக்குறிக்குப் பின் ஓர் இடைவெளியும் விடவேண்டும். எல்லாம் சீராக இருந்ததால் சேவைப் பதிவை நீக்கி, மறுபடியும் மீளத் தொடக்கினேன். ட்ரைவர் நினைவகத்தில் ஏறாதபோது அந்த சிஸ் கோப்பு சாதாரணக் கோப்புத்தான். நிர்வாகி அனுமதி கேட்டது, கொடுத்ததும் அழிந்தது.

மெமரி இன்டெக்ரிட்டியை இயக்கியபோது பட்டியல் வெறுமையாக இருந்தது. அடுத்த மீள்தொடக்கத்தோடு அது வேலை செய்யத் தொடங்கியது. ‘ப்ரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையில் எஞ்சியிருந்த டொங்கிள் மென்பொருளை வழமையான முறையில் அகற்றினோம். வீட்டில் இப்போது இல்லாத பிரின்டர் ஒன்றின் ட்ரைவரையும் கையோடு எடுத்துவிடலாமா என்று மருமகள் கேட்டாள். பொருந்தாதவற்றின் பட்டியலில் அது இல்லை. அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் பிரின்ட் ஸ்பூலரை நிறுத்திச் செய்யவேண்டிய வேறொரு வேலையும் அது. அதைத் தொடாமல் விட்டுவிட்டேன்.