கடை வாசலில் வீட்டுக் குப்பை

சென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் சின்னக் கடைகளுக்கு இது தீராத தலைவலி. ஷட்டர் இறங்கியதும் வாசலில் ஒரு குப்பைக் கவர் விழும். அதை அப்படியே விட்டால் விடிவதற்குள் நாலு சேர்ந்துவிடும். நாய் கிழித்து மீன் செதிலும் டயப்பரும் மழைநீர் வடிகால் வரை இறையும். ஆகவே முதல் கவரை உடனே எடுங்கள். வெறுங்கை வேண்டாம், உள்ளே ஊசியோ உடைந்த கண்ணாடியோ இருக்கலாம். கடைத் தொட்டியை இரவில் உள்ளே வையுங்கள். வெளியே நிற்கும் தொட்டியைப் பார்த்துத்தான் பலரும் போடுகிறார்கள். இருட்டு மூலைக்குக் கை எட்டாத உயரத்தில் சென்சார் லைட் மாட்டுங்கள். கொளுத்தவே கூடாது, பிளாஸ்டிக் புகை நஞ்சு.

போட்டோ எடுத்து, மாநகராட்சியின் புகார் எண் 1913-க்கு போன் செய்து சொல்லி, அவர்கள் தரும் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போடுபவர் தெரிந்தால் சண்டை பிடிக்காதீர்கள். காலை வேலைக்கு ஓடுவதால் குப்பை வாங்க வரும் பேட்டரி வண்டியைத் தவறவிடுபவராக இருக்கலாம். வண்டி வரும் நேரத்தைச் சொல்லி, பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.