நுவரெலியாவில் ஒரு புற்றரை: வருட நாட்குறிப்பு

ஜனவரி 14
இரவு வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, காற்றும் இல்லை. விடியும்போது பள்ளத்துப் பக்கம் உறைபனி, மேட்டில் ஒன்றுமில்லை. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அடர்ந்த வேலி குறுக்கே நின்றால் அங்கேயே தங்கிவிடும். வேலியின் அடிக்கிளைகளை ஒரு முழ உயரத்துக்குக் கழித்துவிட்டால் காற்றுக்கு வழி கிடைக்கும்.

உறைந்த புல்லை மிதிக்கக்கூடாது. இலைக்குள் நீர் கட்டியாகியிருப்பதால் கலங்கள் உடையும். மறுநாள் கால் தடம் கால் தடமாகக் கருகித் தெரியும். வெயில் ஏறுமுன் பூவாளியால் தெளித்துப் பனியைக் கரைக்கலாம். ஏறிய பிறகு தெளித்துப் பயனில்லை.

இங்கே புற்றரையில் நிற்கும் கிக்கூயுப் புல் கருகினால் பிடுங்கிப் போட அவசரம் வேண்டாம். மண்ணுக்குள் ஓடும் தண்டை நகத்தால் கீறுங்கள். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தால் உயிர் உண்டு. மண்ணிறமாகி நொறுங்கினால்தான் செத்தது. இந்த நேரம் யூரியா போட்டால் இளந்தளிர் வரும், அடுத்த பனிக்கு முதலில் பலியாவதும் அதுதான்.

பெப்ரவரி 10
மழையில்லை. வாரம் ஒரு தடவை, 20 மில்லிமீற்றர் நிறையத் தண்ணீர். நடுவில் ஒரு வெற்று டின்னை வைத்தால் அளவு தெரியும்.

மார்ச் 5
தேயிலை நின்ற மண் புளிப்பு மண். புளிப்பைக் காட்டும் பீ.எச். அளவு (எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 4.5 முதல் 5.5 வரை தேயிலைக்குச் சுகம், புல்லுக்கு 5.5க்கு மேல் வேண்டும். சோதித்துப் பார்த்துக் குறைவாக இருந்தால் 4 பேர்ச்சுக்கு, அதாவது சுமார் 100 சதுர மீற்றருக்கு, புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூள் 10 கிலோ. பாதியை நீளவாட்டில், மீதியைக் குறுக்குவாட்டில் தூவினால் திட்டுத்திட்டாக விழாது. யூரியாவோடு சேர்த்துப் போடவே கூடாது: நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும். நடுவில் மூன்று வாரம் விடுங்கள்.

மார்ச் 29
மாலை மழை தொடங்கிவிட்டது. 100 சதுர மீற்றருக்கு 1 கிலோ யூரியா. அதில் 460 கிராம் நைதரசன். இரண்டு பங்கு காய்ந்த மணலோடு கலந்து, இலை காய்ந்திருக்கும்போது வீசி, உடனே தண்ணீர் விட வேண்டும். ஈர இலையில் ஒட்டினால் புள்ளி புள்ளியாக எரியும். ஏப்ரல் வசந்தகாலத்துக்கு விருந்தாளி வருமுன் பச்சையாக வேண்டும் என்று இரட்டிப்பாகப் போடுகிறவர்கள், மே மாதம் வெட்டி மாளமாட்டார்கள்.

வெளிநாட்டு விதைப் பொட்டலத்தில் ‘இலையுதிர்காலத்தில் உரமிடுக’ என்றிருக்கும். அது குளிர்காலத்தில் உறங்கும் ரைகிராஸ் என்ற குளிர்நாட்டுப் புல்லுக்கு. இங்கே மழையைத்தான் நாட்காட்டியாகப் பார்க்க வேண்டும்.

மே 18
4 சென்ரிமீற்றரில் வைப்பதென்றால் 6 ஆனதும் வெட்டுங்கள். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. கிக்கூயுவுக்கு இலை மேலே, அடியில் வெறும் தண்டு. வழித்து வெட்டினால் வைக்கோல் நிறம்தான் மிஞ்சும்.

நைலோன் நூல் போட்ட மெஷின் ஓரங்களுக்கு மட்டும். வெட்டிய நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் விளங்கும்: கூர்மையான பிளேட் பட்டது நேர்கோடு, நூல் பட்டது நாராகக் கிழிந்து வெளுத்திருக்கும். இரண்டொரு நாளில் புற்றரையே சாம்பல் பூத்துவிடும். பிளேட் மழுங்கினாலும் இதே கதைதான்.

ஜூலை 11
தென்மேல் மழையில் சைப்பிரஸ் அடியில் பாசி. சதுர மீற்றருக்கு 15 கிராம் இரும்பு சல்பேற்றைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் கறுத்துச் சாகும். சீமெந்தில் பட்டால் துருக்கறை போகாது. ஆனால் நீர் தேங்கிக்கொண்டிருந்தால் பாசி திரும்பும். நீர் இறங்க, தோட்ட முள்ளால் மண்ணில் துளை குத்த வேண்டும்: 10 சென்ரிமீற்றர் ஆழம், அதே இடைவெளி, செருகிப் பின்பக்கம் சற்று ஆட்டி எடுக்க வேண்டும். சேறாக இருக்கும்போது குத்தினால் துளையின் சுவர் மெழுகிவிட்டாற்போல் அடைபடும். இரண்டு நாள் மழை விடட்டும். முழு நிழலில் கிக்கூயு வராது, அங்கே கல் பதிப்பதே மேல்.

செப்டெம்பர் 20
காகம் கொத்துகிறதா, பன்றி கிளறுகிறதா, அடியில் வெண்புழு இருக்கலாம். ஓரடிச் சதுரத்தை மூன்று பக்கம் வெட்டிப் புரட்டுங்கள். ஐந்தாறு புழுவுக்கு மேல் இருந்தால் வேர் போய்க்கொண்டிருக்கிறது. அந்தத் திட்டை முழுக்கப் புரட்டிப் பொறுக்கி, தட்டி மூடித் தண்ணீர் விடுங்கள்.

நவம்பர் 30
கடைசி யூரியா ஒக்டோபரோடு முடிய வேண்டும். மெஷினின் வெட்டு உயரத்தை 6 சென்ரிமீற்றருக்கு உயர்த்தி வைக்கவும்.