பத்தாண்டே நிலைத்த சுவா மாகாணம்

ஜப்பானின் பழைய மாகாணங்களில் என் மனம் எப்போதும் சுவாவிடமே சென்று நிற்கும். 721-இல் மலைகள் சூழ்ந்த ஷினானோ மாகாணத்திலிருந்து பிரிக்கப்பட்ட அது, 731-இல் மீண்டும் அதனுடனேயே இணைக்கப்பட்டது. முட்சுவிலிருந்து 718-இல் பிரிந்த இவாக்கியும் இவாசேயும் சில ஆண்டுகளிலேயே தாய் மாகாணத்துக்குத் திரும்பியதை நோக்கினால், நாராவைத் தலைநகராகக் கொண்ட அக்கால ஜப்பானிய அரசு பெரும் நிலப்பரப்புகளைப் பிரித்து ஆளத் தொடர்ந்து முயன்றது என்றே கருதுகிறேன். ஆயினும் சுவா வெறும் நிர்வாக எல்லையன்று. 712-இல் தொகுக்கப்பட்ட 'கொஜிகி' என்னும் ஜப்பானியத் தொன்ம நூல், வலிமைப் போட்டியில் தோற்ற தகெமினகதா என்னும் தெய்வம் இங்குள்ள சுவா ஏரிவரை ஓடிவந்து, இவ்விடம் விட்டு வேறெங்கும் செல்வதில்லை என்று வாக்களித்ததாகக் கூறுகிறது. மாகாணம் மறைந்தாலும், அத்தெய்வத்துக்குரிய சுவா பெருங்கோயில் ஏரியைச் சுற்றி நான்கு வளாகங்களில் இன்றும் வழிபாட்டில் உள்ளது.