எந்த சோப்பு வேண்டும்?

அரசு மனநல மருத்துவமனை ஒன்றில் சமூகப் பணியாளராக இருந்தபோது, நீண்ட கால உள்நோயாளிகளான பெண்களுக்கு வாழ்க்கைத் திறன் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நோய் கட்டுக்குள் வந்து பல ஆண்டுகள் ஆகியும், அழைத்துப்போக ஆளில்லாமல் வார்டிலேயே தங்கிவிட்டவர்கள் அவர்கள். குடும்பம் இல்லை, வீடு இல்லை, சேர்த்துக்கொள்ள யாருமில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். சென்னையின் தி பேன்யன் என்ற மனநலத் தொண்டு அமைப்பு 2015இல் தொடங்கிய 'ஹோம் அகெய்ன்' திட்டம் போல, நான்கைந்து பேரை ஓர் உதவியாளருடன் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடிவைப்பதுதான் எங்கள் திட்டமும்.

சமையல், பணம் எண்ணுவது, பஸ் ஏறுவது, வேளைக்கு மாத்திரை போடுவது என்று அட்டவணை போட்டேன். சமையல் முதல் நாளே நின்றது. வார்டுக்குள் கத்தியும் தீப்பெட்டியும் வரக் கூடாது. ஒரு காய்கறிக் கத்திக்கு அனுமதி கேட்டு எழுதிய கடிதம் கையெழுத்தாகித் திரும்ப மூன்று வாரம் ஆனது. அதுவரை கீரை ஆய்ந்தோம். ஊரிலேயே சுத்தமாக ஆய்ந்த கீரை எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும்.

கத்தி வந்த பிறகும் ஓர் அக்கா அதைத் தொடவில்லை. "ஒத்துழைப்பு இல்லை" என்று பதிவேட்டில் எழுதினேன். பதினைந்து நாள் கழித்துத்தான் அவர் கை நடுங்குவதைக் கவனித்தேன். மாத்திரையின் பக்கவிளைவு அது. மருத்துவர் அளவைக் குறைத்ததும் வெங்காயம் நறுக்கினார். மனச்சிதைவு நோயே ஒருவரின் முனைப்பை வற்றச் செய்துவிடும். மருந்து உடலை மந்தமாக்கும். இந்த இரண்டுக்கும் மேல் வார்டுப் பழக்கம் என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது. மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் நாங்கள் ஒரே சொல்லில் 'சோம்பல்' என்று எழுதிவந்தோம்.

அந்த மூன்றாவதை நான் புரிந்துகொண்டது ஒரு மளிகைக் கடையில். வகுப்பில் சில்லறைக் கணக்கில் அந்த அக்கா ஒரு முறைகூடத் தவறியதில்லை. கடைக்காரர், "எந்த சோப்பு வேண்டும்மா?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் பேசாமல் நின்றேன். பின்னால் இரண்டு பேர் வந்து சாமான் வாங்கிப் போய்விட்டார்கள். கடைசியில், "நீங்கள் கொடுப்பதைப் போட்டுக்கொள்கிறேன், டீச்சர்" என்றார். பதினெட்டு ஆண்டுகளாக அவருக்குப் பாதியாக வெட்டிய சோப்புத்தான் கைக்கு வந்திருக்கிறது. சாப்பிடும் நேரம், புடவையின் நிறம், விளக்கணைக்கும் நேரம் எல்லாம் வேறு யாரோ முடிவு செய்தவை. நான் பணம் எண்ணச் சொல்லிக்கொடுத்தேன். வேண்டும், வேண்டாம் என்று சொல்வதை என் அட்டவணையில் சேர்க்கத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு வகுப்பைக் குறைத்து, கேள்வியைக் கூட்டினேன். டீயா, காபியா? ஜன்னல் திறக்கவா, வேண்டாமா? சிலருக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலே எனக்குச் சந்தோஷம்தான்.

பஸ் பயிற்சியில் என் தயாரிப்பு வேறு விதமாகச் சரிந்தது. நாணயங்களை வைத்து ஒரு மாதம் ஒத்திகை பார்த்து, டவுன் பஸ்ஸில் ஏறினோம். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பது எனக்குத் தெரியாததா? தினமும் ஸ்கூட்டரில் வரும் எனக்கு அது நினைவிலேயே இல்லை. நடத்துனர் பணம் வாங்க மறுக்க, அக்கா விடவில்லை. "ஓசியில் வரவில்லை, பிடியுங்கள்" என்று காசை நீட்டிக்கொண்டே இருந்தார். பஸ்ஸே சிரித்தது. வார்டில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

மாத்திரை விஷயத்தில் என் யோசனைகள் எதுவும் எடுபடவில்லை. கிழமை எழுதிய டப்பா, அலாரம் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, எட்டு மணித் தொடரின் பாட்டு வந்ததும் போட்டுக்கொள்வதென்று அவர்களே வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தொடர் கிடையாதே என்று கேட்டேன். "அன்று நாங்கள் பாடிக்கொள்வோம்" என்றார் இன்னொருவர்.

அவர்கள் குடிபோய் நான்கு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் அந்த வீட்டுக்குப் போனேன். வார்டில் நான் கதவைத் தட்டி நுழைந்ததில்லை. இங்கே கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன்.

"யார்?"

பெயரைச் சொன்னேன்.

"குளிக்கப் போகிறேன் டீச்சர், கொஞ்சம் திண்ணையில் உட்காருங்கள்."

இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.