அடக்கம் செய்ய ஒரு பிடி மண்

2020 டிசம்பர் 16, மட்டக்களப்பு

பாடசாலையில் எனக்குப் பக்கத்து மேசை காத்தான்குடி ரீச்சருடையது. அவருடைய சாச்சா (சித்தப்பா) போன கிழமை கொழும்பில் கொரோனாவால் மௌத்தாகிவிட்டார். அடக்கம் செய்ய ஜனாசாவை, அந்த உடம்பை, கேட்டுக் கெஞ்சியும் தரவில்லை. கொரோனாவில் இறந்தால் யாராக இருந்தாலும் எரிக்க வேண்டும் என்பது இலங்கை அரசாங்கத்தின் உத்தரவு, முஸ்லிம்களுக்கோ எரிப்பது கூடாது. எரித்துவிட்டார்கள்.

புதைத்தால் நிலத்தடி நீரில் கிருமி கலக்குமாம். உலக சுகாதார நிறுவனம் புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்கிறது. பிறந்து 20 நாளான ஒரு குழந்தையையும் பெற்றோர் சம்மதமில்லாமல் எரித்த பிறகு, கொழும்பில் பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் ஆட்கள் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, பாதிரிமாரும் சிங்களவர்களும் போய்க் கட்டுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம் சொன்னேன். 1990இல் அவருடைய மகனைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் இன்றைக்கும் திருப்பி விடவில்லை. அதனால் அந்தியேட்டிச் சடங்கும் செய்யவில்லை. நான் சொல்லி முடிக்க, எழும்பிப் போய் அலுமாரியிலிருந்த பழைய வெள்ளைச் சீலையில் ஒரு முழம் கிழித்துக் கேற்றில் கட்டினார்.

"உடம்பு இருந்தும் குடுக்கல்லையாமே" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

2021 பெப்ரவரி 3

பொத்துவிலில் மழைக்குள்ளேயே நடைப்பேரணியைத் தொடங்கிவிட்டார்கள். பொலிஸ் தடையுத்தரவோடு வந்து மறித்தும் நிற்கவில்லை. வடக்கே யாழ்ப்பாணத்துப் பொலிகண்டி வரை ஐந்து நாள். வேலன் சுவாமிகள் காவியோடு நனைந்தபடி முன்னால் போகிறார், பாதிரிமாரும் கூடப் போகிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்கள், அரசியல் கைதிகள், காணி பிடிப்பு, மலையகத் தொழிலாளரின் 1,000 ரூபாய் நாட்சம்பளம், எல்லாம் கோரிக்கையில் இருக்கிறது. ஜனாசா எரிப்பை நிறுத்து என்பதும் இருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் நாளைக்கு நானும் போகிறேன்.

பெப்ரவரி 4

சுதந்திர தினம். பிள்ளைகளைத் தேடும் அம்மாமாருக்கு இது கறுப்பு நாள்.

பெரியம்மாவுக்கு 74 வயது. வராதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கொஞ்சத் தூரம் நடந்தோம், மிச்சத்துக்கு ஓட்டோ.

காத்தான்குடியை நெருங்கும்போது எனக்கு நெஞ்சு அடித்தது. 1990 ஆகஸ்ட் 3 இரவு இந்த ஊரின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்கள் எங்கள் ஆட்கள், புலிகள். இதைத் தமிழர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், நான் சொல்கிறேன். என்ன முகத்தோடு இந்த வீதியால் கோஷம் போட்டுக்கொண்டு போவது?

ஆனால் வீதி ஓரத்தில் ஆட்கள் நின்றார்கள். தண்ணீர்ப் போத்தல் நீட்டினார்கள். எங்களோடு சேர்ந்தும் நடந்தார்கள். ரீச்சரும் வந்திருந்தார். பெரியம்மாவின் கையிலிருந்த மகனின் படத்துக்குள் மழைத் தண்ணீர் போயிருந்தது. ரீச்சர் அதை வாங்கி, பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, தன் முந்தானையால் மெல்ல மெல்ல ஒற்றி எடுத்தார். ஓரம் மட்டும்தான் ஊறியிருந்தது, முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இந்த வயசிலயா போனாரு?" என்றார் ரீச்சர்.

"பத்தொம்பது, மகள்" என்றார் பெரியம்மா.

அப்புறம் சத்துருக்கொண்டான். 1990 செப்டம்பர் 9, இராணுவம் கொன்ற தமிழர்கள். அதைத் தாண்டினால் ஏறாவூர், ஆகஸ்ட் 11, புலிகள் கொன்ற முஸ்லிம்கள். அடுத்து வந்தாறுமூலை, செப்டம்பர் 5, அகதி முகாமிலிருந்து இராணுவம் கொண்டுபோன 158 பேர். முப்பது கிலோமீட்டர்கூட வராத வீதியில் இரண்டு தமிழ் ஊர், இரண்டு முஸ்லிம் ஊர், எல்லாம் ஐந்தாறு கிழமைக்குள் நடந்தவை. இத்தனை வருடமாக அவரவர் நினைவு தினத்தை அவரவர் தனியாகச் செய்துகொண்டிருந்தோம். இன்றைக்குத்தான் ஒரே ஊர்வலமாக இவ்வளவையும் கடந்தேன்.

பெப்ரவரி 7

பொலிகண்டியில் முடித்துவிட்டார்கள். திருகோணமலைப் பக்கம் வீதியில் ஆணி போட்டுப் பார்த்தும் நிறுத்த முடியவில்லை. பெரியம்மாவுக்குக் கால் வீக்கம், நல்லெண்ணெய் தேய்த்துவிட்டேன்.

பெப்ரவரி 11

நேற்றுப் பாராளுமன்றத்தில் அடக்கம் செய்ய அனுமதி என்று பிரதமர் சொன்னார். இன்றைக்கு, அதை நிபுணர் குழுதான் முடிவு செய்ய வேண்டும் என்கிறார்கள். ரீச்சர் நேற்று அழுதுகொண்டு போன் எடுத்தவர், இன்றைக்கு எடுக்கவில்லை.

மார்ச் 3

அடக்கத்துக்கு அனுமதி தரும் அரசாங்க வர்த்தமானி போன கிழமை வந்தது. சந்தோஷப்பட்டு முடியவில்லை, இப்போது வடக்கே இரணைதீவில்தான் புதைக்க வேண்டும் என்கிறார்கள்.

இரணைதீவு கத்தோலிக்க மீனவர்களுடையது. 1992இல் இடம்பெயர்ந்தவர்கள், 2018இல்தான் தாங்களே படகேறிப் போய்த் திரும்பவும் குடியேறினார்கள். அந்தச் சனத்தின் கிணற்றடிக்கு, நீரை நஞ்சாக்கும் என்று இவ்வளவு நாளும் சொன்ன உடம்புகளை அனுப்பினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? முஸ்லிமையும் கிறிஸ்தவனையும் மோதவிடப் பார்க்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். தீவுச் சனம் பங்குத் தந்தையரோடு வீதிக்கு இறங்கிவிட்டது. முஸ்லிம்களும் அந்தத் தீவைக் கேட்கவில்லை. அவரவர் ஊர் மையவாடியை, அடக்கத்தலத்தைத்தான் கேட்கிறார்கள்.

மார்ச் 6

ஓட்டமாவடி மஜ்மா நகரில் நேற்று அடக்கம் தொடங்கியது. எங்கள் மாவட்டத்திலேயே.

பின்னேரம் ரீச்சர் வீட்டுக்கு வந்தார். வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தார். சாச்சாவுக்கு இனி ஒன்றும் இல்லை, டிசம்பரிலேயே சாம்பல். மற்றவர்களுக்காவது கிடைத்ததே என்று சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

பெரியம்மா வட்டிலப்பத்தை இரண்டாக வெட்டி ஒரு துண்டை அவருக்கே கொடுத்தார். மகனின் படத்துக்குப் பக்கத்தில் எரிந்த விளக்குக்கு எண்ணெய் விட்டுவிட்டு, "சாச்சாட பேரென்ன மகள்?" என்று கேட்டார். ரீச்சர் சொன்னார். கேற்றில் கட்டிய வெள்ளைத் துணி மழையிலும் வெயிலிலும் நிறம் மங்கிப்போய் இருக்கிறது. அவிழ்க்கவா என்று கேட்டேன். இருக்கட்டும் என்று இரண்டு பேரும் சொன்னார்கள்.