புள்ளியைத் தள்ளாதீர்கள்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஒரு பெரியம்மாவுக்காக இணையப் படிவம் நிரப்பினேன். பெயர் முத்தம்மாள். ‘சிறப்புக் குறிகள் கூடாது’ என்று சிவப்பில் வந்தது. “என் பெயரில் என்ன பிழை, தம்பி?” என்று கேட்டார். எனக்கு நெஞ்சு எரிந்தது.

கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் அந்தப் பெயருக்கு 11 குறியீடுகள். ம, த, த, ம, ம, ள என்ற ஆறு மட்டுமே ‘எழுத்து’ வகை. உகரக்குறி, கால், மூன்று புள்ளிகள் ஆகிய ஐந்தும் ‘சேர்குறி’ வகை. எழுத்தை மட்டும் அனுமதிக்கும் நிரல் அவற்றைக் குப்பை என்கிறது! தோட்டத்து லயன் வீட்டு முகவரியின் சாய்கோடும் (/) அப்படியே தடுக்கப்பட்டது.

நிரல் எழுதும் தம்பி, தங்கைகளே, சேர்குறி வகையையும் அனுமதியுங்கள். படிவத்தில் கட்டளையைத் தட்டித் தரவுத்தளத்துக்குள் யாரும் ஊடுருவுவார்களோ என்று அஞ்சிக் குறிகளைத் தடை செய்யாதீர்கள். தரவுத்தள வினவலில் பயனர் தரும் மதிப்புகளைக் கட்டளையோடு ஒட்டாமல் தனி அளவுருக்களாக அனுப்புங்கள். இணையப் பக்கத்தில் காட்டும்போது மட்டும் ‘<’ போன்ற குறிகளை, நிரலாக இயங்காத வடிவுக்கு மாற்றிக் காட்டுங்கள்.

படிவம் ஏற்கப்படாததால் பெரியம்மா நாளையும் பஸ் ஏறி வர வேண்டும்.