மாங்காய்ப் பாலும் மாம்பருப்பும்

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்பது நாட்டு மாமரம். காய் சிறியது, நார் அதிகம். சென்ற வாரம் காய் பறிக்கையில் காம்பு முறிந்து தெறித்த பால் கன்னத்தில் பட்டு, மறுநாளே அந்த இடம் கறுத்துப் புண்ணாகிவிட்டது. அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலையில் பல ஆண்டுகள் அண்டி (முந்திரிக்கொட்டை) உடைத்துக் கை வெந்த அம்மச்சி, அதைப் பார்த்ததும், "இதும் அண்டிப்பாலும் ஒரே சாதிதான் மக்கா" என்றார்.

தாவரவியலும் அதையே சொல்கிறது. 1753இல் லின்னேயஸ் மாஞ்சிஃபெரா இண்டிகா என்று பெயரிட்ட மாவும், கொல்லாமரம் எனும் முந்திரியும், நச்சு நீக்கிச் சுத்தி செய்யாமல் சித்த மருத்துவர்கள் பயன்படுத்தாத சேராங்கொட்டையும் அனகார்டியேசி என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தோலைப் புண்ணாக்கும் பீனால் வகைப் பொருள்கள் இம்மூன்றிலும் உண்டு.

மாம்பூவை அருகில் வைத்துப் பார்ப்பவர் குறைவு. ஒரே கொத்தில் ஆண் பூக்களும் இருபால் பூக்களும் கலந்திருக்கும். ஐந்து இதழ்களுக்கு நடுவே பெரும்பாலும் ஒரேயொரு மகரந்தத்தாள்தான் வளமுள்ளது. மகரந்தத்தைக் கடத்துவதில் ஈக்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், பூத்த மரத்தில் ஈ மொய்ப்பதைக் கண்டு அருவருக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கில் பூத்தாலும் ஒரு கொத்தில் சில காய்களே தங்கும்; பூக்கும் வேளையில் மழை பிடித்துவிட்டால், கொத்து கருகி அந்தச் சிலவும் இல்லாமல் போகும்.

மருந்தாக வழங்குபவற்றில் பெரும்பாலானவை மரத்தின் துவர்ப்பை நம்பியவை. பட்டையிலும் பருப்பிலும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுதியாக இருப்பதால், கொட்டையை உடைத்தெடுத்த பருப்பைக் காயவைத்துப் பொடித்து, வயிற்றுப்போக்குக்கு மோரில் கலந்து கொடுப்பது பழைய வழக்கம். பட்டைக் கஷாயத்தால் வாய் கொப்பளிப்பதும் அதே காரணத்தால்தான். தொண்டைக்கட்டுக்கு மாவிலைப் புகை பிடிப்பதும் உண்டு, ஆனால் புகை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. மாவிலைக் கஷாயம் சர்க்கரை நோயை அடியோடு போக்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி மாத்திரையை நிறுத்துவது விவேகமன்று. இலையில் மாஞ்சிஃபெரின் என்னும் பொருள் இருப்பது உண்மை, அதற்காக அது மாத்திரைக்கு மாற்றாகிவிடாது.

அம்மச்சிக்கு இன்றும் பற்பசை பிடிப்பதில்லை. காலையில் உதிர்ந்து கிடக்கும் பழுத்த மாவிலையில் புழு அரிக்காத ஒன்றைத் தேர்ந்து, கழுவி, நடு நரம்பைத் தனியே கிழித்தெடுத்துவிட்டு, இலையைச் சுருட்டிப் பல் தேய்ப்பார். அந்த நரம்பை வளைத்து நாக்கு வழித்தபின் மரத்தடியிலேயே எறிந்துவிடுவார்.